அக்காவின் காலில் வளர்ந்தது

செய்தி வந்த காலையில் களத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் நான், என் மருமகள் ராசாத்தி, பக்கத்து வீட்டுக் காளியம்மா. அக்காவின் கணவர், பூசாரி சடையன் மாமா, கல்லின்மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா மகன் முருகேசன் போனில் சொன்னான்: "சின்னம்மா, அம்மா போயிருச்சுங்க." மாமா மெல்லுவதை நிறுத்தவில்லை.

என் அக்கா பொன்னாயி மலைமேல் இருக்கும் இந்த வளப்பூர் நாட்டுக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில், குச்சிக்கிழங்கு வெந்த கொதிநீர் காலில் கொட்டிவிட்டது. வெங்காயத்தோல் போலப் புதுத்தோல் வரும், மினுமினுக்கும், ஒரு செடி உரசினால் கிழியும். மறுபடி வரும். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அப்படியேதான். அக்கா சிரிப்பார்: "எல்லாரும் காட்டுல வெள்ளாமை பாக்கறாங்க. நான் கால்லயே பாக்கறேன்."

பிறகு அவர் உடம்பு வற்றியது. கைத்தோல் காகிதமானது. அந்த இடம் மட்டும் சிவந்து, கொழுத்து, காலிபிளவர் போல மேலெழுந்தது. "உள்ள என்னமோ முளைக்குது கண்ணு. குறுகுறுங்குது" என்றார்.

மாமா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். புண்ணைச் சதை மூடினால் வெள்ளியில் கால் செய்து சாத்துவதாக அவருடைய வேண்டுதல். வெள்ளிக்கால் சாத்திப் பொங்கல் வைத்தோம். ஊரே வந்து அந்தச் சதையைத் தொட்டுக் கும்பிட்டது.

"சாமி குடுத்தது இப்படி நாறுமாங்க?" என்று கேட்டார் அக்கா.

"வாயக் கழுவு. கோயில் நோம்பி முடியற வரைக்கும் மலையெறங்கப்படாது" என்றார் மாமா.

ஒருநாள் அக்கா சோளக்காடு ஊருக்குப் போய் சேலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும்விட்டார். பின்னாலேயே வந்த மாமா கையைப் பிடித்து இறக்கினார். பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நோம்பி முடிவதற்குள் தொடையிடுக்கில் கட்டி வந்துவிட்டது.

நோம்பி முடிந்து கூட்டிப்போனபோது சேலத்து டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "தோலுக்குள்ள வெதை மாதிரி செல்லு இருக்கும் பாட்டி. ஸ்டெம் செல்லுன்னு சொல்லுவோம். காயம் பட்டா அதுதான் புதுத்தோல் குடுக்கும். வயசானா ஓஞ்சு போகும். ஆறாத புண்ணு அதை விடாம வேலை வாங்கும். அதுல ஒண்ணு கெட்டுப்போய், நிறுத்த மறந்துடுச்சுன்னா அதுதான் கேன்சர்."

அக்கா தன் காலைப் பார்த்தார். "அதுக்கா நாங்க பொங்கல் வெச்சோம்?"

கடைசியாகக் குளிப்பாட்டும்போது முகம் மஞ்சளுக்கடியில் சுருங்கிக் கிடந்தது. காலில் அந்த இடம் மட்டும் ஈரமாக, இளசாக, இன்னும் சிவந்தே இருந்தது. காளியம்மா தொட மறுத்தாள். நான்தான் துணி சுற்றினேன்.

வெள்ளிக்கால் இப்போதும் சாமி கழுத்தில் தொங்குகிறது. ஒரு தழும்பும் இல்லாத, வழவழப்பான கால்.

அக்கா, இனி உங்கள் காலை யாரும் தொட்டுக் கும்பிட மாட்டார்கள். நிம்மதியாகப் போய் வாருங்கள். பஸ்ஸில் பேசாமல் இருந்தவர்களை மன்னித்துவிட்டேன். சடையன் மாமாவை மன்னிக்க மாட்டேன்.