தனியாகப் போவதற்கு ஓர் ஊசி

எனக்கு வலிப்பு வந்த எந்தச் சமயத்திலும் நான் அங்கே இல்லை. பத்திரிகைக்காரனுக்கு இது சங்கடமான நிலை. கடைசியாக ஆம்பூர் பஸ் நிலையத்தில் விழுந்ததையும் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். யாரோ செருப்பைக் கழற்றி என் மூக்கில் வைத்தாராம்.

"ஷூ கம்பெனிக்குப் பின்னாடியே குடியிருக்கீங்க மாமா. அந்த வாசனைல நிக்கும்னா உங்களுக்கு வலிப்பே வந்திருக்கக் கூடாதே" என்றான் மனைவியின் தம்பி. வேலூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறான்.

அதற்குப் பிறகு என்னைத் தனியாக விடுவதில்லை. வண்டிச் சாவி மனைவியின் கைப்பையில். வேலூர் அலுவலகத்துக்கு அவன்தான் கொண்டுபோய் விடுவான், மாலையில் கூட்டி வருவான். வழியில் பள்ளிகொண்டாவில் டீ குடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனால், கதவுக்கு வெளியே நின்று "மாமா, இருக்கீங்களா?" என்பான். இருக்கிறேன் என்று நான் சொல்லும்வரை தட்டுவான்.

ஒருநாள் போனில் எதையோ படித்துவிட்டு வந்தான். டைபாய்டுக்குப் போடும் ஓர் ஊசி, மூளையில் குளுட்டமேட் என்ற பொருளை அகற்றும் வேலையைக் கூட்டுகிறதாம். வலிப்பு வரவைத்த எலிகளில் பலன் தெரிந்ததாம்.

"நம்ம கடைலயே இருக்கு மாமா. போட்டுவிட ஆளும் இருக்கு. அக்காவுக்குத் தெரிய வேணாம்."

எலியைப் பற்றிய செய்திக்கு மனிதனைப் பற்றிய தலைப்பு வைக்கக் கூடாது என்று அலுவலகத்தில் அடிக்கடி சொல்கிறவன் நான். இருந்தும் சரி என்றேன். நெடுஞ்சாலையில் தனியாக வண்டி ஓட்டிப் போகும் ஒரு காலைப்பொழுது கண்முன் வந்துவிட்டது.

ஆனால் இன்னொருவரிடம் கேட்காமல் எதையும் அச்சுக்கு அனுப்பிப் பழக்கமில்லை. வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது, மனைவி பக்கத்தில் இருப்பதை மறந்து நரம்பு மருத்துவரிடம் கேட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு நரம்பு செல் அடுத்த செல்லைத் தூண்ட குளுட்டமேட்டை விடும். வேலை முடிஞ்சதும் பக்கத்துல இருக்கற துணை செல்லுங்க அதை உள்ள இழுத்துக்கணும். இழுக்கலைன்னா வெளியவே தேங்கும், செல்லுங்க ஓயாம தூண்டப்படும். வலிப்பு அடங்காததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

மனைவி ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்ப்பவள். "கழிவுத்தண்ணி இழுக்கற மோட்டார் நின்னா தோல் பதப்படுத்தற ஷாப்பு பூரா தேங்குமே, அந்த மாதிரியா மேடம்?"

"கிட்டத்தட்ட. ஆனா அந்த மோட்டாரை முடுக்கி வலிப்பை நிறுத்தற மருந்துன்னு மனுஷங்களுக்கு இன்னும் வரலை. இவர் கேக்கற ஊசி உடம்புல ஜாஸ்தியானா சிலருக்கு அதுவே வலிப்பைக் கொண்டுவரும். இருக்கற மாத்திரையை விடாம போடுங்க."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "இன்னா ஊசி? யாரு போடறேன்னான்?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"அவனா?" என்றாள்.

அதோடு மைத்துனன் வருவது நின்றது. கம்பெனியில் விடுப்புச் சொல்லிவிட்டு இப்போது அவளே பஸ்ஸில் கூட வருகிறாள். எனக்கு ஜன்னலோரம், அவளுக்கு நடைபாதைப் பக்கம். நான் அசைந்தால் முழங்காலை நகர்த்தாமல், "எங்க?" என்று கேட்கிறாள்.