சங்கம் வைத்த விலை

கோபன்ஹேகனில் பஸ் ஓட்டிய விபெக்கே, குடியிருப்பவர்களே சங்கமாகச் சேர்ந்து வைத்திருந்த கட்டடத்தில் இருந்தாள். அங்கே யாரும், சந்தை விலையைவிடக் குறைவாகச் சங்கம் வைத்த விலைக்கு மேல் வீட்டை விற்க முடியாது. ஒரு வருஷம் அந்த விதியையே எடுத்துவிடக் கூட்டம் போட்டார்கள்.

"கையத் தூக்கு விபெக்கே, எல்லாரும் பணக்காரங்க ஆயிடலாம்," என்றான் பக்கத்து வீட்டு டோர்பென்.

"புருஷன விட்டுட்டு வயித்துப் பிள்ளையோட வந்தேனே, அன்னைக்கு நீங்க ஆசைப்படற சந்தை விலையக் கேட்டிருந்தா நான் பஸ்லதான் குடியிருந்திருப்பேன்."

கூட்டம் சிரித்தது. டோர்பென் சிரிக்கவில்லை, ஆனாலும் தூக்கிய கையை இறக்கிவிட்டான். விதி தப்பியது.

ஓய்வுக்குப் பின் விபெக்கே சங்க விலைக்கே வீட்டை ஒரு நர்ஸுக்கு விற்றுவிட்டு, தங்கை ஊருக்குப் போனாள். அந்தப் பணத்தில் அங்கே வீடு கிடைக்கவில்லை. தங்கையின் வீட்டில், மழைக்கு ஒழுகும் மாடியறையில் தங்கினாள். பழைய கட்டடத்தில் அவளோடு குடியிருந்த நான், குறைந்த விலைக்கு விற்றதில் வருத்தமா என்று கேட்டேன்.

"மழை பெய்யற அன்னைக்குக் கொஞ்சம் இருக்கும்," என்றாள்.