வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம்

இன்று காலை சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் எங்கள் தெரு செராமிக் யூனிட் முதலாளியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் ஒயர்கூடை, அதன் மேல் ஒரு துண்டு. துண்டு அசைந்தது.

விலக்கிப் பார்த்தேன். கண் திறந்து ஓரிரு நாளே ஆன மூன்று நாய்க்குட்டிகள், மூத்திர நாற்றத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"எங்க வூட்டு நாய் போட்ட பொட்டக் குட்டிங்க டீச்சர். கடுவன் ரெண்டையும் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க. இதுங்கள வெள்ளாத்துக்கு அந்தாண்ட வுட்டாதான் தாய் மோப்பம் புடிச்சி வராது. போன தடவ இந்தாண்ட வுட்டேன், வாயில கவ்விக்கிட்டு வூட்டுக்கே வந்துடுச்சி."

"பால் குடிக்கிற குட்டிங்க, செத்துப்போயிடுமேங்க. மாட்டாஸ்பத்திரியில தாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணிடலாமே?"

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வாயில்லா ஜீவன் வயித்த அறுக்கச் சொல்றீங்களே, பாவம் இல்லியா? படிச்சவங்க நீங்க."

முன்சீட்டுக்காரர் திரும்பி, "அந்தம்மா சொல்றது நியாயந்தாங்க" என்றார்.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் முதலாளியம்மா எழுந்தார். கூடையை என்னிடம் கொடுத்துவிடச் சொன்னேன். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். அவரோ சிரித்துக்கொண்டே நீட்டினார்.

"புண்ணியமா போவும் உங்களுக்கு. கூடைய மட்டும் சாயந்தரம் குடுத்துடுங்க."

குட்டிகள் இப்போது என் குளியலறையில் பஞ்சில் நனைத்த பாலைச் சப்பிக்கொண்டிருக்கின்றன.

வளர்ப்பு நாய்களுக்குக் கருத்தடையைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்குவது கொடுமை என்று இங்கே என் பதிவுகளில் என்னோடு வாதாடும் நண்பர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் பெண் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.