வெள்ளிக்கிழமைகளில் கெட்டுப்போன தண்ணீர்

எங்கள் வீட்டுத் தண்ணீர் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கெட்டுப்போன காலம் ஒன்று உண்டு. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. காரணத்தைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்பதால் வெகுநாள் பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தேன்.

நாகூருக்கு மேற்கே வயல்களுக்கு நடுவில் வீடு. வாய்க்காலில் காவிரித் தண்ணீர் ஓடும், குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர் வரும். போரை எவ்வளவு ஆழம் இறக்கினாலும் அதே கதைதான். அதில் சோறு வடித்தால் மஞ்சளாகும், சோப்பு நுரைக்காது, புது எவர்சில்வர் குடம் ஒரே மாதத்தில் வெள்ளை பூத்துப்போகும். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வண்டியில் வரும்.

அந்த வீட்டுக்குள்தான் அத்தை ஒரு மீன்தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள், பக்கத்து ஊர் கான்வென்டில் தமிழ் டீச்சர். முப்பது தாண்டியும் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதை எங்கள் வீட்டு மாலைச் செபத்தில் தினமும் மாதாவுக்கு ஞாபகப்படுத்துவோம். பள்ளி ஆண்டுவிழாக் குலுக்கலில் அவளுக்கு அந்தக் கண்ணாடித் தொட்டி விழுந்தது. எல்லாருக்கும் குக்கர் விழுந்தால் இவளுக்கு மட்டும் இப்படி விழுகிறதே என்று அம்மா சிரித்தாள்.

முதலில் வாங்கிவிட்ட நாலு தங்கமீன்களும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கேன் தண்ணீரை ஊற்றலாமே என்றேன். "மனுசனுக்கே தண்ணி வண்டி ஒரு நாள் வருது, ஒரு நாள் வரல. இதுல மீனுக்குத் தனிக் கேனா?" என்றார் அப்பா. அத்தை அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் நாகப்பட்டினத்துக் கடையில் ஒரு சின்ன ஆர்ஓ மெஷினுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். ஊரில் மீனுக்காக ஆர்ஓ போட்ட முதல் வீடு எங்களுடையதுதான். மெஷின் தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு அப்பா கேன் தண்ணீரையே குடித்தார்.

மெஷினை மாட்ட ஒரு சனிக்கிழமை மெக்கானிக் வந்தார். அத்தையைவிட ஓரிரண்டு வயது கூட இருக்கும். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தார். உள்ளே வருமுன் கொல்லைக் குழாயில் கால் கழுவிக்கொண்டார், அது அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. பின்கட்டுச் சுவரில் மூன்று வெள்ளை உருளைகளை வரிசையாக மாட்டினார். உள்ளே போக ஒரு குழாய், வெளியே வர இரண்டு. எனக்கு அது புரியவே இல்லை.

"ஒண்ணுல நல்ல தண்ணி வரும் பாப்பா. இன்னொண்ணுல பிரிச்செடுத்த உப்போட மீதித் தண்ணி போயிரும்."

"எப்படிப் பிரிக்கும்? உள்ள சல்லடை இருக்கா?"

என் கேள்விகளுக்கு எங்கள் வீட்டில் யாரும் அதுவரை பதில் சொன்னதில்லை. இவர் பையிலிருந்து உப்பை வடிகட்டும் பழைய மெம்பிரேன் ஒன்றை எடுத்துக் கத்தியால் கிழித்து, சுருட்டி வைத்த பாயை விரிப்பதுபோல விரித்துக் காட்டினார். பிறகு பேனா மாதிரி ஒரு கருவியைப் போர்த் தண்ணீரில் வைத்தார். ஆயிரத்து அறுநூறு என்று காட்டியது. மெஷின் தண்ணீரில் வைத்தார். முப்பத்தெட்டு. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று சொல்லும் டிடிஎஸ் மீட்டராம் அது. அத்தை உடனே தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். வந்த மறுநாளே அதை எடுத்துக்கொண்டு ரசம், மழைத் தண்ணீர், என் எச்சில் என்று எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தேன். வாசல் பக்கம் தொங்கும் தீர்த்தச் செம்பிலும் வைத்தேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

முப்பத்தெட்டுத் தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றிவிடக் கூடாதாம். ஏழு மக்கு மெஷின் தண்ணீருக்கு ஒரு மக்கு போர்த் தண்ணீர் கலக்க வேண்டும். "ரொம்ப சுத்தமா இருந்தாலும் மீனுக்கு ஆகாது டீச்சர்," என்றார் மெக்கானிக். தொட்டிக்குள் காற்றுக் குமிழி விடும் ஸ்பாஞ்சு ஒன்றையும் வைத்தார். அதில் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் வளர ஒரு மாதம் ஆகும், அதுவரை மீன் விடக் கூடாது, ஸ்பாஞ்சை வெறும் குழாயில் அலசவே கூடாது, அலசினால் கிருமி போய்விடும் என்றார்.

"அழுக்க எடுக்க ஒரு மெஷினு, அழுக்க வளக்க ஒரு மெஷினா?" என்றார் அப்பா. மெக்கானிக்கும் சிரித்துவிட்டார்.

அந்த ஒரு மாதமும் சனிக்கிழமை தவறாமல் வந்து மீனே இல்லாத தொட்டியைப் பார்த்துவிட்டுப் போனார். மாதம் முடிந்ததும் ஆறு மீன்களைப் பையில் காற்றடைத்துக் கொண்டுவந்தார். தட்டையாக, முக்கோணமாக, நீண்ட செட்டைகளோடு அவை நிதானமாக நீந்தின. பெயர் என்ன என்று அம்மா கேட்டாள்.

"ஏஞ்சல்ங்க."

"ஏஞ்சல்னா சம்மனசுல்ல!" அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆமாங்க. நாங்க தேவதூதர்னு சொல்லுவோம்."

"நாங்கன்னா யாரு தம்பி?"

"தரங்கம்பாடிப் பக்கங்க. லுத்தரன் சபை."

"ஓ, அப்படியா," என்றாள் அம்மா. 'நாம' என்று சொல்லியிருந்தால் அதில் நாங்களும் சேர்த்தி. அவர் 'நாங்க' என்றார். அந்த ஒரு சொல்லில் அவர் அந்தப் பக்கமும் கத்தோலிக்கர்களான நாங்கள் இந்தப் பக்கமும் ஆகிவிட்டோம். நாம் போவது கோயில், அவர்கள் போவது சபை. நமக்குப் பூசை, அவர்களுக்கு ஆராதனை. அவர் போன பிறகு அத்தையிடம் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "அவங்க கோயில்ல மாதா சுரூபம் இருக்காது. அவ்வளவுதான்," என்றாள். கேட்டது நான். ஆனால் அவள் குரல் கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குக் கேட்கும் அளவுக்கு இருந்தது.

மீன்கள் பிழைத்துக்கொண்டன. இனி மெக்கானிக் வர வேலை இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை பின்கட்டிலிருந்து, "அண்ணே, மீட்டர் நானூறு காட்டுது," என்றாள். சனிக்கிழமை அவர் வந்தார். உருளைகளைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அத்தை காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். மீன்கள் எப்படிச் சாப்பிடுகின்றன என்பதைப் பற்றி இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். ஆறு மீன்கள் சாப்பிடுவதில் ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று எனக்கு ஆச்சரியம். பிறகு, "சரியாயிடுச்சு டீச்சர்," என்றார். சரியாகத்தான் இருந்தது, அடுத்த வெள்ளி வரைக்கும்.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். திங்கள் முப்பத்தெட்டு, செவ்வாய் முப்பத்தொன்பது, வியாழன் முப்பத்தெட்டு, வெள்ளி அத்தை பார்த்துச் சொன்ன நானூற்றுப் பத்து. மூன்று வாரக் கணக்கை மெக்கானிக்கிடம் காட்டினேன். "பாப்பா நல்லாக் கவனிக்குது," என்றார். பாராட்டுகிறவரின் முகமாக அது இல்லை.

ஆறாவது வாரம் அப்பாவின் பொறுமை போய்விட்டது. "நாளன்னிக்கு அவர் வந்தா மெஷினக் கழட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லிருவேன். இது சரிப்பட்டு வராது," என்றார். அன்று வியாழக்கிழமை. மெஷின் போனால் போர்த் தண்ணீர், போர்த் தண்ணீர் என்றால் ஆறு சம்மனசுகளும் தங்கமீன்கள் போன வழியில் போகும்.

மறுநாள் அத்தை வருமுன்னே பள்ளியிலிருந்து ஓடிவந்து, மெஷின் குழாயிலிருந்து நேராகக் கப்பில் பிடித்து வைத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு. கொஞ்ச நேரத்தில் அத்தையின் ஸ்கூட்டி வந்தது. முகம் கழுவிக்கொண்டு டம்ளரோடு பின்கட்டுக்குப் போனாள். "நானூத்திப் பத்து," என்று குரல் வந்தது. அவள் உள்ளே போனதும் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் குருணை அளவுக்கு வெள்ளையாக ஒன்று கரைந்துகொண்டிருந்தது. நக்கிப் பார்த்தேன். கல்லுப்பு.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மீன்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் கல்லுப்பு இருக்கும். மீனுக்குச் செட்டை அழுகினால் போட வேண்டிய மருந்து. அத்தை அதை எடுத்த கையோடு டம்ளரைத் தொட்டிருக்கிறாள், பாவம், கவனிக்கவில்லை. மெஷின் பிழைத்தது, மீன் பிழைத்தது. உடனே அத்தையிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை ஒருத்தியிடம் மட்டும் சொல்லி வீணாக்க மனம் வரவில்லை.

சனிக்கிழமை அப்பா, அம்மா, மெக்கானிக் மூவரும் பின்கட்டில் இருந்தார்கள். அத்தை சமையலறை வாசலில் காப்பி டம்ளரோடு நின்றாள். அப்பா, "தம்பி, இந்த மெஷின..." என்று ஆரம்பிக்கும்போதே நான் நடுவில் புகுந்தேன். ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து மீட்டரை வைத்தேன். முப்பத்தெட்டு. எல்லாரையும் பார்க்கச் சொன்னேன். பிறகு ஒரே ஒரு உப்புக்கல்லைப் போட்டுக் கலக்கி மறுபடி வைத்தேன். எண் விறுவிறுவென்று ஏறி நானூறைத் தாண்டியது.

"மெஷின்ல ஒண்ணுமே இல்லப்பா. அத்த கையில இருந்த உப்புதான் டம்ளர்ல விழுந்திருக்கு. அத்தைக்கே தெரியல."

யாரும் கை தட்டவில்லை. எல்லாரும் என் அளவுக்கு இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் கேட்காமல் இருக்க எனக்குத் தெரியாது.

"அப்ப நீங்க ஆறு வாரமா எத ரிப்பேர் பண்ணீங்க?"

மெக்கானிக் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்து போயிருந்தார். அப்பா அவரைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள். அம்மா, "பாப்பா, உள்ள போ," என்றாள். இவ்வளவையும் கண்டுபிடித்த என்னை ஏன் உள்ளே போகச் சொல்கிறாள் என்று கோபமாக வந்தது.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்பா சத்தமே போடவில்லை. "மெஷின் நல்லாத்தான் இருக்கு தம்பி. உங்களுக்குத்தான் வீண் அலைச்சல். இனிமே வர வேணாம்," என்றார். "சரிங்க," என்றார் மெக்கானிக். பை மூடும் சத்தம் கேட்டது. அந்தக் காப்பியை யாரும் குடிக்கவில்லை.

சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டு மீட்டரை என் கையில் கொடுத்தார். "இனிமே தண்ணிய நீயே பாத்துக்க. வெளியாளு வேணாம்," என்றார். உப்பு டப்பாவை அம்மா அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். எனக்குத் தலை கால் புரியவில்லை. பத்து வயதில் ஒரு வீட்டின் தண்ணீருக்கே பொறுப்பாளி ஆகிவிட்டேன்.

மெக்கானிக் அதன்பிறகு வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அத்தைக்குச் சீர்காழியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். நம்ம கோயில்காரர்தான். மாமா நல்ல மனிதர், அத்தையும் நன்றாகத்தான் இருக்கிறாள். நான் செய்ததைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். இப்போது நினைத்தாலும் மனசு கூசுகிறது.

ஆனால் அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பின்கட்டில் நின்று மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலில் நின்றாள்.

"எவ்வளவு காட்டுது?"

"முப்பத்தெட்டு."

"கொஞ்சங்கூட ஏறலியா?"

"ஏறவே இல்லத்த!"

"இன்னொரு தரம் வச்சுப் பாரு குட்டி."

அத்தைக்கு அந்த மெஷின்மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள் கவலையைத் தீர்க்க வேண்டும் என்று டம்ளரை மூன்று முறை கழுவி, புதிதாகத் தண்ணீர் பிடித்து வைத்துப் பார்த்தேன். "அதே முப்பத்தெட்டுதான். இனிமே கெடவே கெடாது, பயப்படாதீங்க," என்று சந்தோஷமாகச் சொன்னேன்.