கேச் அழிவதற்குள் கம்பைநல்லூர்

போன வாரம் தர்மபுரியிலிருந்து காரிமங்கலம், கம்பைநல்லூர் என்று பஸ்ஸில் அலைந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, பால் குளிரூட்டும் நிலையங்களில் இருக்கும் கண்காணிப்புப் பெட்டிகளுக்காக. இதே மாதிரி வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி என்பது ஒரு சின்னக் கணினி. பால் தொட்டியின் குளிரை அளந்து சென்னைக்கு அனுப்பும். அளந்ததைக் கேச் என்ற தற்காலிக ஃபோல்டரில் தனக்குள்ளும் வைத்திருக்கும். பொருத்திய புண்ணியவான் இண்டூர்ப் பெட்டியை அடையாள எண்ணோடு சேர்த்து நகலெடுத்து, மற்ற இரண்டு ஊர்களுக்கும் ஏற்றியிருக்கிறார். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் இண்டூரில் கரண்ட் போய்ப் பால் சூடேறியது. மூன்றுக்கும் ஒரே எண் என்பதால் சென்னைத் திரையில் மூன்று ஊரும் சிவப்பாகிவிட்டன. லாரி யார் பாலையும் ஏற்றவில்லை. அத்தனை பாலும் சாக்கடைக்குப் போனது. அது போதாதென்று, கெட்ட பால் கொடுத்ததாக மூன்று நிலையங்களையும் நிறுத்திவைக்கப் போகிறார்களாம்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் சென்னை ஆபீஸ் மேனேஜருக்குப் போன் செய்தேன். "சார், கேச்சை அழிச்சாத்தான் அடையாளச் சிக்கல் தீரும். ஆனா நேத்தைய நிஜ அளவு அதுக்குள்ளதான் இருக்கு. நான் போய் நகலெடுக்கிற வரைக்கும் கை வைக்காதீங்க" என்றேன். சரி, சரி என்றார்.

காரிமங்கலத்துக்குக் கிருஷ்ணகிரி பஸ் ஏற வேண்டும். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். அன்று சந்தை நாள், கோழிக்கூடைகளுக்கு நடுவில் ஒற்றைக் காலில் நின்றுதான் போனேன். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் முனிரத்தினம் கதவைத் திறந்துவிட்டார். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கேச் ஃபோல்டர் காலி.

மேனேஜரைக் கூப்பிட்டேன். "ஒரே கமாண்டுதான், எல்லாப் பெட்டியும் கிளியர். நீங்க பஸ்ல போறதுக்குள்ள முடிச்சிட்டோம் பாருங்க" என்றார், பெருமையாக. எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

கம்பைநல்லூருக்கு நேர் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் வெயில்தான் மிச்சம், ஆட்டோ பிடியுங்கள். நானும் அப்படித்தான் போனேன். அங்கே நிலையம் நடத்தும் ஸ்டெல்லா, பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டுக் கொழுப்புப் பார்க்கும் மிஷினைச் செருகியிருந்தார்.

"இருக்கறது ஒரே பிளக்குங்க. காத்தாலயும் சாயந்தரமும் இதப் புடுங்கித்தான் அதப் போடுவேன். இன்னிக்குக் காத்தால புடுங்கினத இன்னும் திரும்பப் போடல. ஆபீஸ்ல எத்தனையோ தடவ திட்டிட்டாங்க" என்றார்.

அணைந்து கிடந்த பெட்டிக்குக் கட்டளை போய்ச் சேரவில்லை. இனியும் வந்து சேராதபடி முதலில் நெட் கேபிளைக் கழற்றினேன். பிறகுதான் கரண்ட் கொடுத்தேன். முந்தின நாள் பதிவானதெல்லாம் நாலு டிகிரி.

"நேத்தே சொன்னேனுங்க, தொட்டியில கைய வெச்சுப் பாருங்கன்னு. அந்த லாரிக்காரரு போனத்தான பாத்துட்டு நின்னாரு" என்றார் ஸ்டெல்லா.

மொத்தமாகக் கட்டளை போடுவதில் தப்பே இல்லை, நானும் போடுவேன். ஆனால் அழிக்கும் முன் எல்லாப் பெட்டியிலிருந்தும் நகல் எடுங்கள், அதுவும் ஒரு வரிக் கட்டளைதான். ஒரு பெட்டியில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். ஆள் வழியில் இருக்கும்போது தொடவே தொடாதீர்கள்.

கம்பைநல்லூரை நிறுத்தமாட்டார்களாம். காரிமங்கலத்துக்கு ஆதாரம் இல்லையாம், நிறுத்துகிறார்களாம். திரும்பும் வழியில் முனிரத்தினம் போன் செய்தார்.

"கம்பைநல்லூர்ல அவங்க புடுங்கி வெச்சிருந்தாங்களாமே. ஆபீஸ்ல சொன்னபடி நான் ஒருநாளும் பெட்டிய அமத்தலீங்களே. அது தப்புங்களா?"