சுதாவுக்கு மட்டும் சர்வர் டவுன்

ரீசார்ஜ் கடை நடத்துகிறவளுக்கு வாய் வேண்டாம், காதும் கட்டை விரலும் இருந்தால் போதும். அதனால்தான் ஆள் முகம் பார்த்துப் பேசவே கூச்சப்படுகிற, ஆறாவதோடு நின்ற எனக்கு இந்தத் தொழில் ஒத்து வந்தது. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மேஜை, மடியில் கைக்குழந்தை, எதிரே கம்பெனிப் பெண்கள் ஹாஸ்டல். என்னை மாதிரிக் கடையில் உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கச்சிகளுக்கு நம் பாடு தெரியும். டாப்-அப் போட வருகிறவர்கள் மனசில் இருப்பதையும் மேஜைமேல் கொட்டிவிட்டுத்தான் போவார்கள்.

புது சிம்

முத்துமாரி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒருநாள் புது சிம் கேட்டு வந்தாள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறினால் ஒரகடம் தாண்டுவதற்குள் பஸ்ஸே குறட்டை விடும். அப்படி இவள் வாயைப் பிளந்து தூங்கியதைப் படம் எடுத்து, ‘ஈ போகும் வழி’ என்று எழுதி, ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். அதோடு விட்டார்களா? தினம் ஒரு அலங்காரம். ஒருநாள் மீசை, ஒருநாள் வாயில் பஜ்ஜி. கம்பெனிக்குள் வேலை நடக்கும் லைனுக்குப் போன் கொண்டு போகக் கூடாது, கேட்டில் கொடுத்துவிட்டு வெளியே வரும்போதுதான் வாங்க வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஆன் செய்வார்கள், ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். இவளுக்குச் சிரிப்பு முதலில் கேட்கும், படம் பிறகு வரும்.

சிம் கொடுத்தேன். வாங்கிப் போனவள், நம்பர் மாறியதைச் சொல்லாவிட்டால் தலைக்கனம் என்பார்களே என்று பயந்து, ஹாஸ்டலில் எல்லாருக்கும் அந்தப் புது நம்பரிலிருந்தே மிஸ்டு கால் கொடுத்திருக்கிறாள். மறுநாளே மேஜை முன்னால் நின்றாள்.

“எக்கா, இந்த சிம்முலயும் அதே பஜ்ஜிதான் வருது!”

மேடம் எடுத்த வகுப்பு

படம் எடுத்தவள் சுதா. குரூப்பை நடத்துகிறவளும் அவள்தான். ராயபுரத்துக்காரி, வாயாடி. என் குழந்தையைக் கொஞ்சாமல் ஒரு நாளும் போக மாட்டாள், அதனால் அவளைத் திட்டவும் மனசு வராது. கம்பெனியில் ஒரு மேடம் வந்து புல்லியிங் பற்றி வகுப்பு எடுத்தார் என்று வந்து சொன்னாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

“கூட்டமா சேந்துகினு, எதுத்துப் பேசாத ஒருத்தரையே திரும்பத் திரும்ப நோகடிக்கறதுதான்க்கா. அதையே போன்ல பண்ணா சைபர் புல்லியிங்காம். இது இன்னும் மோசமாம், வூட்டுக்கு ஓடியாந்தாலும் கூடவே வருமாம். பாவம் இல்ல?” என்றவள், கையிலிருந்த போனில் முத்துமாரிக்குக் கொம்பு வைத்துக்கொண்டே சொன்னாள்: “நல்லவேள, நம்ம ஹாஸ்டல்ல அதெல்லாம் கெடையாது!”

சர்வர் டவுன்

அந்த வாரம் முத்துமாரி வேறு ஒன்று கேட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு என் வீட்டுக்காரர் ஆட்டோ வருமா என்று. “வேலைய விட்டுட்டேன்னா ஊருல உடனே கல்யாணம் பண்ணி வச்சிருவாவ. தெரிஞ்சேதான் போறேன்க்கா” என்றாள்.

சாயங்காலம் சுதா நெட் பேக் போட வந்தாள். நம் தொழிலில் ஒரே ஆயுதம்தானே உண்டு? “சர்வர் டவுன்” என்றேன். பின்னாலேயே வந்த பெண்ணுக்குப் போட்டுக் கொடுத்தேன். அடுத்தவளுக்கும் போட்டேன். “இன்னாக்கா, எனக்கு மட்டும் டவுனா?” என்று சுதா சிரித்தாள். குழந்தையின் தலையைப் பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்: “உன் போட்டோவால முத்துமாரி வேலைய விட்டுட்டு ஊருக்குப் போறா.” சுதா நீட்டிய காசை மடித்து எடுத்துக்கொண்டாள். போகும்போது மெதுவாகச் சொன்னாள்:

“அந்தப் புள்ளயும் சிரிச்சிகினுதானேக்கா இருந்துச்சு...”

ராயபுரம் சுரங்கப்பாதை

மறுநாள் பஸ்ஸில் சுதா பழைய படங்களை எல்லாம் குரூப்பிலிருந்து அழிக்கச் சொல்லி எல்லாரையும் மிரட்டிவிட்டு, தன் போனை முத்துமாரி கையில் கொடுத்து, “நான் தூங்கப் போறேன். நீயே எடு, நீயே எழுது, நீயே போடு” என்றாளாம். நடிக்கவெல்லாம் இல்லை, நிஜமாகவே தூங்கிவிட்டாள். முத்துமாரி எழுதிப் போட்டது: ‘ராயபுரம் சுரங்கப்பாதை. வாகனங்கள் மெதுவாகச் செல்லவும்.’ அன்றைக்குப் பஸ்ஸில் முதலில் சிரித்தவள் முத்துமாரி. அப்புறம் ஒவ்வொருத்தியாகத் தன் பிளந்த வாயைத் தானே போட ஆரம்பித்தார்கள். மத்தியானம் குழந்தையோடு மேஜையில் சாய்ந்து நான் தூங்கியதைக்கூட சுதா எடுத்துவிட்டாள். ஆனால் முதலில் என்னிடம் காட்டி, “போடட்டுமாக்கா?” என்று கேட்டாள். வெட்கத்தோடு தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் ஆட்டோவைத் துடைத்து நிறுத்தி ஹாரன் அடித்தார். முத்துமாரி பை இல்லாமல் வந்து நின்றாள்.

“அண்ணன வேற சவாரி பாக்கச் சொல்லுங்கக்கா. எனக்குப் பெரிய நெட் பேக்கா போடுங்க, ஒங்க கொறட்ட படம் தொறக்கவே மாட்டுக்கு!”

இத்தனை வருஷத்தில் இந்த சர்வர் எத்தனையோ தடவை படுத்து நம் உயிரை வாங்கியிருக்கிறது, நல்லது செய்தது ஒரே ஒரு தடவைதான், அதுவும் அது படுக்காத அன்றைக்கு.