பெரியப்பா ஜெயித்த தேர்தல்

பெரியப்பா தாலுகா போர்டுத் தேர்தலில் ஜெயித்த செய்தி கல்கத்தாவுக்குத் தந்தியில் வந்தது. தந்தி என்றாலே சாவுதான் என்று நினைத்திருந்த அம்மா, அப்பா அதைப் பிரிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பா சிரித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மிட்டாய்க் கடைக்கு விரட்டினாள். பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த சந்தில் வீட்டுக்கு வீடு சந்தேஷ் கொடுத்தோம். எதிர்வீட்டு வங்காளி அம்மாளிடம், பெரியப்பா மாஜிஸ்டிரேட் ஆகிவிட்டார் என்று சொல்லிவைத்தேன். எனக்கு ஒன்பது வயது. போர்டு என்றால் என்னவென்று யாருக்குத் தெரியும்?

அப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. சம்பளம் வந்த மறுநாளே பெரியப்பாவுக்கு மணியார்டர் போய்விடும். அந்தப் பணத்தில் ஊரில் குடும்பத்துக்கு நிலம் வாங்குவது என்று ஏற்பாடு. இங்கே அம்மா கிழிசல் புடவையைத் தைத்துக் கட்டினாள். என் பாவாடை வருஷத்துக்கு ஒரு துண்டு ஒட்டுப்போட்டு நீண்டுகொண்டே வந்தது.

தந்தி வந்த நாலாம் நாள் அத்திம்பேர் வந்து நின்றார். அப்பாவின் அக்கா புருஷன். பெரியப்பா இருக்கும் அதே ஊர். ஹௌராவிலிருந்து மூட்டையும் தானுமாக நடந்தே வந்திருந்தார்.

"வாங்கோ, வாங்கோ! அண்ணா ஜெயிச்சுட்டாராமே! நீங்க கூடவே இருந்து பாத்திருப்பேள்" என்றார் அப்பா.

மிச்சமிருந்த சந்தேஷைத் தட்டில் வைத்துக் கொடுத்தவள் நான்தான். "அத்திம்பேர், நீங்களும் பெரியப்பாவுக்குத்தானே ஓட்டுப் போட்டேள்?" என்றும் கேட்டேன்.

"எனக்கு ஏதும்மா ஓட்டு? தீர்வை கட்டறவாளுக்குத்தான் ஓட்டு. நிலம் இருந்தாத்தானே தீர்வை?"

அப்பாவின் சிரிப்பு நின்றது. "வாய்க்காலடி நிலம் என்னாச்சு?"

"மழை பொய்ச்ச வருஷம் தீர்வை பாக்கி நின்னுது. உங்கண்ணாதான் கிரயம் பண்ணிண்டார். நான் ஒருத்தன் மட்டுமில்லே, தெருவுல பாதிப்பேர் நிலம் அப்படித்தான் போச்சு. கையில ரொக்கம் இருந்தவர் அவர் ஒருத்தர்தானே." அத்திம்பேர் குரலில் கோபமே இல்லை. "இப்போ வாய்க்காலடிக்கு போர்டு செலவுல வண்டிப்பாதை போடப்போறாராம். இனிமே அந்த நிலம் நல்ல விலை போகும்."

"எனக்கு ஒரு வரி எழுதியிருக்கப்படாதா?"

"எழுதினேனே. ரெண்டு கடுதாசி போட்டேன்."

அம்மா அடுக்களை வாசலிலிருந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்து, "உள்ளே போய்ப் படி" என்றார்.

அத்திம்பேர் ஊருக்குத் திரும்பவில்லை. பவானிபூரில் நம்மூர் குமாஸ்தாக்கள் சேர்ந்து நடத்திய மெஸ்ஸில் சமையலுக்குச் சேர்ந்தார். சிபாரிசு அப்பாதான். அதோடு தன் கடமை தீர்ந்ததென்று அவர் நினைத்திருக்க வேண்டும். பெரியப்பாவைக் கேட்டு ஒரு வரிகூட எழுதவில்லை. மணியார்டரையும் நிறுத்தவில்லை. அம்மா ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"எப்படியிருந்தாலும் அந்த நிலத்துல நம்ம பங்கும் இருக்கே" என்றார் அப்பா.

அத்திம்பேரும் மாதாமாதம் அத்தைக்குப் பணம் அனுப்பினார். அப்பாவும் அவருமாகத் தபாலாபீசுக்குப் போகும்போது நானும் கூடப் போவேன். ஒரே ஊருக்கு இரண்டு மணியார்டர்! இனிமேல் அத்தையும் பெரியப்பா மாதிரி பணக்காரியாகிவிடுவாள் என்று எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். தபால்காரனிடம் ரேகை வைத்துப் பணத்தை வாங்கியதும், குடியிருக்கும் வீட்டின்மேல் இருந்த அடமானத்துக்கு வட்டி கட்ட, அவள் நேரே பெரியப்பா வீட்டுக்குத்தான் நடந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.